டெமோ கிளாஸில் நான் பேசாத நேரம்

அடுகோடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியலுக்கு கெஸ்ட் டீச்சர் எடுக்கிறார்கள் என்று சர்ச்சில் ஒருவர் சொன்னார். காது கேட்காத பிள்ளைகளும் கண் தெரியாத பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற பள்ளி. நானோ காது கேளாதோர் பள்ளியிலேயே தலை நரைத்தவள். அந்தப் பள்ளியை மூடியதிலிருந்து வீட்டில் சும்மா இருந்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று காக்ஸ் டவுனிலிருந்து பஸ் ஏறினேன்.

டெமோ கிளாஸ் எடுக்கச் சொன்னார்கள். செம்பருத்திப் பூவின் பாகங்கள் பாடம். தலைமையாசிரியையும் இரண்டு மூத்த ஆசிரியர்களும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதல் பெஞ்சில் ஒரு பெண், காதில் மெஷின்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போர்டில் எழுதும்போது வாய் திறக்க மாட்டோம். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு ஒன்றுமே போய்ச் சேராது. எழுதி முடித்து, திரும்பி, எல்லாக் கண்களும் நம் முகத்துக்கு வந்த பிறகுதான் பேச்சு. இதை அந்த மூவரிடமும் முதலிலேயே சொல்லியிருக்கலாம். கொல்லன் தெருவில் ஊசி விற்பானேன் என்று இருந்துவிட்டேன்.

பூவை வரைந்து முடித்துத் திரும்பினேன். அந்தப் பெண்ணின் கண்கள் என் வாயில் வந்து நின்றன. சூலகம் எது என்று கேட்டதும் முதலில் கை தூக்கியவள் அவள்தான். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

தலைமையாசிரியை கன்னடக்காரர், தமிழ் நன்றாக வரும். தன் அறைக்குக் கூப்பிட்டு, "பாடம் எல்லாம் சென்னாகித்து மேடம், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல நடுவுல சைலன்ட் ஆயிட்டீங்க. கிளாஸ் கன்ட்ரோல் போயிடும் அல்வா, இல்லையா?" என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். டீயைக் குடித்தபடி தலையாட்டினார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அன்றைக்கு அது வாய்வரை வந்தது. அந்தப் பெண்ணை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

வெளியே வரும்போது அடுத்த ஆளின் டெமோ நடந்துகொண்டிருந்தது. நல்ல கணீர்க் குரல். போர்டைப் பார்த்தபடியே நிறுத்தாமல் பேசினார். வேலை அவருக்குத்தான் போயிற்று.

சில மாதம் கழித்து தலைமையாசிரியை போன் செய்தார். "அந்தப் பொண்ணுக்குப் பாடம் புரியல போல. நீங்க ஒரு நாள் வந்து நம்ம புது சாருக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்களேன் மேடம். சேவைன்னு நெனச்சுக்குங்க."

வாசத்துக்குக் கறிவேப்பிலை வேண்டும், இலையில் விழுந்தால் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். வர முடியாது என்று சொல்லி போனை வைத்தேன். அப்படிச் சொன்னதில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தச் சந்தோஷம் அன்று சாயங்காலம்வரை தாங்கவில்லை. என் கோபம் போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. அவர்கள் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அந்தப் பெண்தான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பேசுகிற ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.