வாயில் ரீட், கையில் சென்னை டிக்கெட்

காலை 11.20, விழுப்புரம் புதிய பேருந்து நிலையம். சர்ச்சில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு, சாக்ஸபோன் பெட்டியோடு ஓடிவந்து நகரும் பேருந்தில் தொற்றிக்கொண்டேன். நான் இறங்கவேண்டிய திண்டிவனம் சுமார் முப்பத்தெட்டு கிலோமீட்டர். பதினெட்டு வருடமாக ஓட்டல்களில், சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்து ஜாஸ் வாசித்தவள் நான். இன்று மாலை சென்னையில் கச்சேரி செய்யும் குழுவுக்கு அவசரமாக ஒரு ஆள் தேவை. புதுச்சேரியிலிருந்து வேனில் வரும் குழுத் தலைவர், "பன்னெண்டரைக்கு திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட்ல பத்து நிமிஷம் நிப்போம், வாசிச்சுக் காட்டுங்க" என்றிருந்தார். இதை விட்டால் எனக்கு மறுபடி ஓட்டல்தான்.

திண்டிவனத்தில் இருக்கும் அம்மா நான் ஜாஸ் வாசித்துக் கேட்டதே இல்லை. "நானும் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன்டி. அப்படி என்னாத்த ஊதிக்கினு கீறன்னு பாக்கிறேன்" என்றாள்.

சாக்ஸபோனின் உயிர் ரீட். நாணலில் சீவிய சின்னப் பட்டை. காய்ந்திருந்தால் கீச்சென்று மானத்தை வாங்கும். என்னிடம் இருந்த ஒரே நல்ல ரீட்டை வாயில் ஊறவைத்துக்கொண்டேன். கண்டக்டர் ஏதோ கேட்டார். வாயைத் திறக்காமல் தலையாட்டினேன். டிக்கெட்டைப் பார்க்காமலே பையில் திணித்தேன். மனசெல்லாம் வாசிக்கப் போகும் மெட்டுதான்.

12.05. திண்டிவனம் மேம்பாலம் வந்தது, போயும் விட்டது. பதறி ரீட்டைத் துப்பி உள்ளங்கையில் பிடித்தேன்.

"ஏறும்போதே சொன்னனே மா, திண்டிவனம் உள்ள போவாது, மெட்ராஸ்தான்னு. நீங்கதான தலைய ஆட்டுனீங்க?" என்றார் கண்டக்டர். டிக்கெட்டில் சென்னை வரை நூற்று முப்பது ரூபாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

12.20. பதினைந்து கிலோமீட்டர் தாண்டி, சுங்கச்சாவடியில் இறக்கிவிட்டார். தலைவருக்கு போன் செய்தேன். "நாங்களும் அந்த வழிதானே? அங்கேயே நில்லுங்க."

வேன் வரிசையில் வந்து நின்றது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் கண்ணாடியை இறக்கினார். ரீட் நன்றாக ஊறியிருந்தது. பெட்டியைத் திறந்து வாசித்தேன். வறுத்த மல்லாட்டைக் கடலை விற்றவர் கூவுவதை நிறுத்தினார். மெட்டு முடியும் முன்பே வேன் கதவு திறந்தது.

"பெட்டிய மூடாதீங்க. அப்படியே ஏறுங்க, போற வழியிலேயே ஒத்திகை."

ஏறி உட்காரும்போதே அம்மாவின் போன். "எங்கடி கீற? பஸ் ஸ்டாண்டுல எவ்ளோ நேரமா குந்திக்கினு கீறேன்!"

"என்னை எடுத்துக்கிட்டாங்கம்மா. டோல்கேட்லயே வாசிச்சுட்டேன்."

"எனக்குக் கேக்கலியேடி."

தலைவரைப் பார்த்தேன். போனை வாங்கி என் முன்னால் பிடித்தார். அம்மாவை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, ஓடும் வேனில் முழு மெட்டையும் வாசித்தேன்.

"போதும்டி" என்றாள். "பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்குது."