அந்தப் பக்கத்துக் கோழிகள்

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்க்கும் கோழிப்பண்ணையில் வைத்த பெயர் 'மெதுவா'. கொட்டகைக் கதவைத் திறக்கும்போதே "மெதுவா, மெதுவா" என்று கோழிகளிடம் சொல்லிக்கொண்டுதான் நுழைவார். திடுக்கிட்டால் அவை ஒரு மூலையில் குவிந்து ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும். கறிக்கடைக்குப் போகிற கோழிக்கு இத்தனை பாசமா என்று நான் கேலி செய்தால், "போறது போகட்டும்டி. இருக்கற வரைக்கும் மூச்சாவது ஒழுங்கா விடட்டுமே" என்பார். எனக்காக ஒரு நாளாவது இப்படிப் பரிந்து பேசியிருப்பாரா? கேட்டுப் பாருங்கள்.

எங்கள் மகள் ஒரு தீவன ஆலையில் தற்காலிக வேலையில் இருந்தாள். வெயில் காலத்தில் கறிக்கோழிகள் அலகைத் திறந்தபடி மூச்சிரைக்கும், தீவனத்தைத் தொடாது, செத்தும் போகும். அதற்காக நெல்லிக்காய், புதினா எல்லாம் காயவைத்து அரைத்து அவள் ஒரு மூலிகைப் பொடி செய்திருந்தாள். அது பலன் தருகிறது என்று காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா பார்க்கும் கொட்டகையையே சோதனைக்குக் கேட்டு வாங்கினாள். நடுவே வலை கட்டி, இந்தப் பக்கத்துக் கோழிகளுக்குப் பொடி கலந்த தீவனம், அந்தப் பக்கத்துக்கு வெறும் தீவனம்.

"அந்தப் பக்கம் எதுவும் குடுத்துடாதீங்கப்பா. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

"சரிம்மா" என்று சமர்த்தாகத் தலையாட்டினார்.

வெயில் கொளுத்தியது. எடை போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. மகள் இடிந்து போனாள். எனக்கோ வேறு கவலை. சமையலறையில் வைத்த புதினாவும் நெல்லிக்காயும் மாயமாகிக்கொண்டே இருந்தன. எலி புதினா தின்னுமா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் பக்கத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு புதினா இலை மிதப்பதை மகள் பார்த்துவிட்டாள்.

"வாயைப் பொளந்துக்கிட்டு என்னையே பாக்குதும்மா" என்றார் அவர். "இந்தப் பக்கம் குடுத்துட்டு அந்தப் பக்கம் எப்படிச் சும்மா போறது? கொஞ்சம் கொதிக்க வச்சு, ஆற வச்சு, தண்ணியிலதான் ஊத்தினேன்."

"என் வேலை போயிடும்னு தோணலையாப்பா?"

அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவரும் சாப்பிடவில்லை. நடுவில் நான் தட்டுகளோடு நின்றேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கினாள். "நான் அங்க இருந்தா கை சும்மா இருக்காது" என்று அவரே தீவனக் கிடங்குக்கு வேலை மாற்றிக்கொண்டார். மகள் வீடு திரும்பியதும் அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்.

"அந்தப் பக்கம் எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதாள். அந்தப் பக்கம் செத்துக் கிடப்பவற்றை அவளேதான் பொறுக்கி எடுத்தாளாம். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா" என்றாள். எதையும் உளறிவிடும் என் வாய் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கட்டுப்பட்டது.

வேலை நிரந்தரமானது. பொடியை எல்லாப் பண்ணைகளுக்கும் அனுப்பப் போகிறோம் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். மூச்சிரைக்க ஓடிவந்து அவரிடம்தான் முதலில் சொன்னாள். கண் கலங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வழக்கம்போல, "அந்தப் பக்கம்?" என்றார்.

"நல்லா இருக்குப்பா."

நன்றாக இருந்திருந்தால் பொடி எப்படி ஜெயிக்கும்? காலமெல்லாம் கோழிகளோடு கிடந்த மனுஷனுக்கு இது தெரியாதா? அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரிம்மா. இனிமே நடுவுல வலை கட்ட வேண்டாமில்ல?"

"வேண்டாம்பா" என்று சொல்லும்போதே அவள் உடைந்துவிட்டாள். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கொட்டகைக்குள் நுழைகிற அதே குரலில் அவர் சொன்னார்: "மெதுவாம்மா, மெதுவா."