மாமியின் முழங்காலும் என் பேரீச்சம்பழத் தண்ணீரும்

மாமி மக்காவுக்கு உம்றாப் பயணம் போய்க் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் வைன் செய்த ஒரே மருமகன், கல்முனைக் கரையில் நானாகத்தான் இருப்பேன். செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. செய்யத் தெரிந்திருந்தால் அது திறமை. எனக்கு அது தானாக வந்தது.

மாமிக்கு முழங்கால் வலி. பேரீச்சம்பழத்தை இரவு தண்ணீரில் ஊறப்போட்டு விடியக் குடித்தால் மூட்டுக்கு நல்லது என்று ஃபோனில் ஒரு வீடியோ வந்தது. நன்மைகளை மட்டும் பார்த்துவிட்டு, எத்தனை நாள் வைக்கலாம் என்று சொல்லுமுன் நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் எந்தப் பாடத்தையும் நான் பாதிக்கு மேல் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. மாமி கட்டிய வீட்டில் இருந்துகொண்டு மாமிக்கு ஒரு உபகாரம் செய்யாமல் இருக்கலாமா? ஃபிரிஜ்ஜில் வைக்க வழியில்லை. ஒலுவில் துறைமுகத்தில் எடுத்து மோட்டார் சைக்கிளில் நான் விற்று மிஞ்சும் மீன் அங்கே குடியிருக்கிறது. அதனால் பெரிய கண்ணாடிப் போத்தலில் ஊறப்போட்டு, மூடியை இறுக்கி, உள்ளறையில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். காலையில் மாமிக்கு ஒரு கோப்பை ஊற்றுவேன். குறைந்ததற்குத் தண்ணீரும் பழமும் போட்டு மறுபடி மூடுவேன். போத்தலைக் கழுவியதே இல்லை.

மாமி கோப்பையை அடுப்பெரியும் குசினிக்குள் கொண்டுபோவார். வெறும் கோப்பையோடு திரும்பி வருவார்.

"நல்லாரிக்கி மகன். கால் இப்ப லேசாக் கிடக்கு."

அன்று முழுக்க நான் டாக்டர் மாதிரித்தான் மீன் விற்பேன்.

அறுகம்பே ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும் என் மனைவியின் தம்பி லீவில் வந்தான். பெருமை காட்ட அவன் முன்னால் போத்தலைத் திறந்தேன். 'டப்' என்று மூடி தெறித்தது. நுரை பொங்கியது. அவன் மூக்கை வைத்துப் பார்த்தான்.

"மச்சான், எங்கட ஹோட்டல்ல வெள்ளக்காரன் குடிக்கிற வைன் மணம் இது."

"விசர்க் கதை கதையாத. இது மக்கத்துப் பழம்."

"எங்க வெச்சிருந்தீங்க?"

காட்டினேன்.

"இருட்டு, குளிர், ஆட்டமில்ல. நாங்களும் வைனை இப்புடித்தான் வெக்கிற. ஒரு குறையும் சொல்லேலாது. ஆரு குடிக்கிற இத?"

"உங்கட உம்மா."

அவன் நெல் மூட்டையில் உட்கார்ந்துவிட்டான். நான் தரையில் உட்கார்ந்தேன். ஒரு வக்துத் தொழுகையும் தவறவிடாத மனுஷிக்கு, உம்றா போய்வந்த கையோடு, நான் காலைக்குக் காலை வைன் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். இனி அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

வாசலில் நின்ற என் மனைவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத புள்ள. உங்கட உம்மாட மறுமைப் பிரச்சின இது."

"உம்மா ஒரு சொட்டாவது குடிச்சா எண்டு ஆரு சொன்ன? வந்து பாருங்க."

குசினிக்குப் பின்னால் கறிவேப்பிலை மரத்தின் அடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. எல்லாக் கோப்பையும் அங்கேதான் போயிருக்கிறது.

"உங்கட கையில மீன் மணக்குதாம். மருமகன் ஆசையாத் தாறார், வேணாமெண்டா மனசு நோகும் எண்டு ஊத்துறா."

"அப்ப கால் லேசாகின?"

"அதுவும் உங்கட மனசுக்காகத்தான்."

வேறு நாளாக இருந்தால் கோபித்துக்கொண்டு சோறு வேண்டாமென்றிருப்பேன். அன்று "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்தினேன். அவமானப்பட்டு இவ்வளவு நிம்மதியடைந்தவன் வேறு யாரும் இருக்க முடியாது. இரண்டு அகப்பை சோறு அதிகமாகவே தின்றேன்.

மிஞ்சியதை என்ன செய்வதென்று பள்ளிவாசல் மௌலவிக்கு ஃபோன் போட்டேன்.

"இப்ப குடிக்கப்படாது. ஒண்டும் போடாம அப்புடியே வெய்யி. தானாப் புளிச்சு வினாகிரியாகினா ஹலால். நீ கை வெக்காம இரிக்கணும், ஏலுமா?"

ஒன்றும் செய்யாமல் இருப்பது! எனக்கு முழுத் தகுதியுள்ள வேலை ஒன்று கடைசியில் கிடைத்தது. மனைவி போத்தல் வாயில் துணி கட்டினாள். நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை.

இரண்டு மாதத்தில் போத்தலில் இருந்தது நன்றாகப் புளித்து வினாகிரியானது. கதை முழுவதையும் கேட்டுச் சிரித்து முடித்த மாமி, அதில் மாங்காய் அச்சாறு போட்டார். என் முன்னாலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது.

"நல்லாரிக்கி மகன்," என்றார்.

நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமி இரண்டாவது துண்டை எடுத்தார்.