சனம் போகும் பக்கம்

மாதத்தில் ஒரு ஞாயிறு, பண்டத்தரிப்பில் தரிசாய்க் கிடக்கும் புகையிலைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் சிலர் கௌபாய் ஆகிவிடுவோம். நரைத்த தலையில் பனையோலைத் தொப்பி, இடுப்பில் பொட்டுவெடி வைத்த விளையாட்டுத் துவக்கு. அதை உருவிச் சுட்டால் தக்கை பறக்கும். வரிசையாக வைத்த வெற்றுத் தகரப் பேணிகளை யார் விரைவில் விழுத்துகிறார் என்பதுதான் போட்டி.

தொடங்குமுன் ஒருவர் அயல் வீடுகளுக்குப் போய், "வெடிச்சத்தம் கேக்கும், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வரவேண்டும். உலகத்தில் எந்தக் கௌபாய்க்கு இந்தத் தொல்லை என்று நான் எரிந்து விழுவேன்.

போன வைகாசியில், முன்வீட்டுக்கு ஒரு அக்கா புதிதாகக் குடிவந்தது எங்களுக்குத் தெரியாது. சில வெடிகள்தான் வெடித்திருக்கும். தோட்டத்து வாசற்படலையில் அவர் நின்றார். நெஞ்சோடு அணைத்த பைக்குள், சண்டைக் காலத்தில் ஓடும்போது எடுப்பதுபோல், காணி உறுதிப் பத்திரமும் தண்ணீர்ப் போத்தலும் தெரிந்தன.

"சனமெல்லாம் எந்தப் பக்கம் போகுது, தம்பி?"

நான் தொப்பியைக் கழற்றினேன். "ஒருத்தரும் ஒரு இடமும் போகேல்லை அக்கா. இது விளையாட்டு. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

இப்போது வீடுவீடாகச் சொல்லப் போவது நான்தான்.

அடுத்த மாதம் அவர் அதே பையோடு வந்தார். உள்ளே, தனக்கென்று வாங்கிய ஒரு பனையோலைத் தொப்பி இருந்தது.