காற்றை மிச்சம் பிடித்தவர்

“இங்கிலீஷு படம் ஒனக்கு மட்டும் புரிஞ்சிருச்சாக்கும்?” என்று கேட்டாள் மதினி. அருப்புக்கோட்டையில் பகல்காட்சி பார்த்துவிட்டுத் திருச்சுழி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். விண்கலம் பழுதாகி, காற்று தீரத் தீர இரண்டு பேர் வானத்தில் மிதக்கிற கதை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். கல்லூரி மலருக்கு அந்தப் படத்தைப் பற்றி எழுதித் தருவதாகப் பெருமையாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

“ஒருத்தன் கடைசிவரைக்கும் போராடுறான். இன்னொருத்தன் பயந்துபோய்க் கண்ண மூடிப் படுத்துட்டான்” என்றேன்.

“பயமில்ல தாயி” என்றார் பின்சீட்டில் கடப்பாரையோடு இருந்தவர். காது மடலெல்லாம் மண். பேசுமுன் ஒவ்வொரு தடவையும் வாயை மூடி, மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டார். “நாங்க கெணறு வெட்டுறவுக. மண்ணு சரிஞ்சு மூடிட்டா, மேல இருக்கவுக தோண்டி எடுக்குற வரைக்கும் அப்பிடித்தான் அசையாமக் கெடப்போம். கத்துனா அடுத்தவன் காத்தையும் குடிச்சிருவோம்ல.”

“அவுகளுக்கு ஒன்னைய விட இங்கிலீஷு தெரியுது” என்றாள் மதினி.

ஜன்னலுக்கு வெளியே கரிசல்காடு மங்கிக்கொண்டே வர, பஸ்ஸே தரையைத் தொடாமல் போவது போலிருந்தது. வழியில் ஒரு ஊரில் அவர் இறங்கிவிட்டார். மண்ணுக்குள் அப்படிக் கிடந்தபோது அவர் பக்கத்தில் யார் இருந்தார்களோ, நான் கேட்கவில்லை.

கட்டுரையில் முதலில் எழுதிய பயம் என்ற வரியை அடித்துவிட்டு, ‘அடுத்தவனுக்காகக் காற்றை மிச்சம் பிடித்தான்; இது கிணறு வெட்டுபவர் ஒருவர் சொன்னது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.