ஸ்டெல்லாவை அழைத்துவர அத்திபெலே சாலையில்

என் தம்பிக்குக் காட்டிலாகாவில் வேலை, மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் ஸ்டெல்லாவை ஓசூர் சாலையில் உள்ள ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தான். அங்கே சமையல், தோட்டம், கக்கூஸ் கழுவுவது எல்லாம் பிள்ளைகள்தான். படிப்பை மட்டுமல்ல, முழுப் பிள்ளையையும் வளர்க்கிறோம் என்பார்கள். அரைப் பரீட்சையில் அந்த முழுப் பிள்ளை கணக்கில் இருபத்தெட்டு வாங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. நான் படித்த கான்வென்டில் பேசி இடம் வாங்கினேன். திங்கட்கிழமைக்குள் சேர்க்க வேண்டும். "அக்கா, நீயே பார்த்து முடிவு பண்ணு" என்று தம்பி ஒதுங்கிக்கொண்டான். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த சமயம். தசரா முடிந்த சனிக்கிழமை, அவளை அழைத்துவரவே கிளம்பினேன்.

என் வீடு இருக்கும் பிரேசர் டவுனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஜட்கா வண்டி எட்டணா. பத்தணா கேட்பார்கள், ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஏழரை மணி அத்திபெலே பஸ் எட்டேகாலுக்குப் புறப்பட்டது. டிக்கெட் பன்னிரண்டணா. முன் இருக்கை கேட்டு வாங்குங்கள். பின்னால் உட்கார்ந்தால் இரண்டு நாளைக்கு இடுப்பு வலிக்கும். பிள்ளை இளைத்திருப்பாள் என்று அச்சு முறுக்கு சுட்டு ஒரு டின் நிறைய மடியில் வைத்திருந்தேன்.

"பாட்டிம்மா, டின்னை மேலே போடட்டா?" என்றார் கண்டக்டர்.

"அம்மான்னா போதும். அது மடியிலேயே இருக்கட்டும்."

"சரிங்கம்மா. மடியில உக்காந்தா அரை டிக்கெட்தான்."

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்திபெலேக்கு இரண்டு மைல் முன்பாகச் சொல்லி இறங்க வேண்டும். அங்கிருந்து ஒரு மைல் செம்மண் பாதை. வண்டி கிடையாது. மழை பெய்திருந்தால் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அறுபத்திரண்டு வயதில் நான் நாலு இடத்தில் நின்று நின்றுதான் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் டின்னுக்குக் கை நீட்டினாள். பெயர் பிலோமினாவாம். "வீட்டுப் பலகாரம் எல்லாம் இங்க பொது, ஆன்ட்டி."

"இது ஸ்டெல்லாவுக்குச் செஞ்சது."

"அவளும் பொதுதான்."

சாப்பாட்டுக் கூடத்தில் அந்த வாரம் பரிமாறும் முறை ஸ்டெல்லாவுடையது. உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. தட்டுகளை எண்ணினாள், முறுக்குகளை உடைத்தாள், வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். எல்லோருக்கும் வைத்து முடித்த பிறகு தன் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டில் சோறும் சாம்பாரும் மட்டும்.

"உனக்கெங்கடி?"

"தட்டை எண்ணித்தான் உடைச்சேன், அத்தை. என்னை எண்ண மறந்துட்டேன்."

"இவ கணக்கு எப்பவுமே இப்படித்தான், ஆன்ட்டி" என்ற பிலோமினா, தன் துண்டில் பாதியைக் கடித்துவிட்டு மீதியை அவள் வாயில் திணித்தாள். இப்படி எச்சில் பண்ணித் தின்பதை எங்கள் வீட்டில் அனுமதித்ததில்லை.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியருக்கு ஒரே பூரிப்பு. "பார்த்தீங்களாம்மா?" என்றார்.

"பார்த்தேன். மத்தவங்களை எண்ணத் தெரியுது, தன்னை எண்ணத் தெரியலை. இது எப்படி சார் முழுப் பிள்ளை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதையும் சொல்லித்தரணும்மா. இன்னும் தரலை" என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக அவரை மதித்தேன்.

ஸ்டெல்லாவைப் புங்கமரத்தடிக்கு அழைத்துப் போனேன். பெட்டியைக் கட்டு என்று சொல்லத்தான் வந்திருந்தேன். "கான்வென்டுக்கு வர்றியா?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னா வர்றேன், அத்தை."

"நான் சொல்றது இருக்கட்டும். உனக்கு என்ன வேணும்?"

புங்க இலை ஒன்றைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். "வீட்டுல நீங்க தனியா இருக்கீங்களே."

"அது என் பாடு. உன்னைக் கேட்டேன்."

சாலைப் பக்கம் மூன்று மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது, போய்விட்டது. என் கால் விண் விண்ணென்று வலித்தது. நான் வேறொன்றும் கேட்கவில்லை. இலை முழுவதும் கிழிந்த பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, "இங்கேயே இருக்கேன்" என்றாள். அப்புறம் நிமிர்ந்து, "கணக்கும் படிக்கிறேன்" என்றாள்.

எனக்கு வேண்டிய பதில் அது இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்றேன். ஐந்து மணி பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் பாதி வழி நின்றுகொண்டு வந்தேன். அவளுக்காகப் போட்டு வைத்திருந்த படுக்கையைச் சுருட்டக்கூட அன்றிரவு தெம்பில்லை. திங்கட்கிழமை காலை கான்வென்டுக்கு நடந்துபோய், அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

இந்த மாதிரிப் பள்ளிகளுக்குப் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். பலகாரம் செய்தால் எல்லோருக்கும் காணும்படி செய்யுங்கள். மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று போகாதீர்கள், அதில் இடம் கிடைத்தாலும். பிள்ளையிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, ஐந்து மணி வரை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பதில் சொல்ல அதற்கு அவ்வளவு நேரம் ஆகும்.