போனில் வாசிக்க முடியாத பேர்

பிளெக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஊரில் யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காதுகுத்து, யார் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும். எந்த எழுத்தால் தனக்கு அடி விழும் என்பது மட்டும்தான் தெரியாது. ஸ்டிக்கர் வெட்டுகிறவர்கள், நோட்டீஸ் அடிக்கிறவர்கள், சுவரில் எழுதுகிறவர்கள் இதை வாசித்தால் பெருமூச்சு விடுவீர்கள்.

அம்பாசமுத்திரத்தில் என் கடை. எந்த பிளெக்ஸானாலும் அடித்த கடையின் பேரும் போன் நம்பரும் கீழ் மூலையில் இருக்க வேண்டும் என்று ஸ்டேஷனில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். வாசகம் யாருடையதாக இருந்தாலும் மூலை நம்முடையது. சண்டைக்கு வருகிறவன் முதலில் வாசிப்பது அந்த மூலையைத்தான்.

பானிபூரி போர்டு

பஸ் ஸ்டாண்டு பக்கம் பப்லு பானிபூரி வண்டி போட்டிருக்கிறான். வடக்கே எங்கிருந்தோ வந்தவன். இப்போது நம்ம ஊர்த் தமிழை நம்மைவிட இழுத்துப் பேசுவான். ஒருநாள் வந்து, "வடக்கன் பானிபூரின்னு போர்டு அடிங்க பாய்" என்றான். அந்தச் சொல்லை இங்கே எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "வேற பேரே கிடைக்கலையா?" என்று கேட்டேன். "எல்லாரும் அதைத்தான சொல்லுதாங்க. நானே போட்டுக்கிட்டா யாவாரமாவது ஆவும்" என்று சிரித்தான். அடித்துக் கொடுத்தேன். வியாபாரமும் ஆனது.

ஒரு சாயங்காலம் நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, பைக்கில் வந்த மரக்கடைக்காரர் இறங்காமலே, "ஏ வடக்கா, ரெண்டு பிளேட்டு போடுலே" என்றார். பூரியை உடைத்த பப்லுவின் கட்டைவிரல் அப்படியே நின்றது. போர்டு மூலையில் என் கடைப் பேர் பளிச்சென்று இருந்தது. பப்லு தட்டை நீட்டிவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னான்: "போர்டை வாசிக்கலாம் அண்ணாச்சி. என்னைப் பாத்து வாசிக்கக் கூடாது."

கபடிக் குழு

அந்த வாக்கியத்தை நான் மறப்பதற்குள் மாரி வந்து சேர்ந்தான். கீழத்தெருப் பையன், கூரியர் கம்பெனியில் வேலை, சாயங்காலமானால் கபடி. அவர்கள் குழுவுக்குப் புதுப் பேர், புது பனியன், ராதாபுரம் பக்கத்து மேட்சுக்கு ஒரு பெரிய பிளெக்ஸ். "பேர் என்ன?" என்றேன். சொன்னான். நான் எழுந்து போய்க் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அந்தச் சொல்லை இங்கே நான் எழுதப் போவதில்லை. மேலே இருக்கிற தெரு கீழே இருக்கிற தெருவைச் சொல்லுகிற சொல் ஊருக்கு ஊர் ஒன்று உண்டு. உங்கள் ஊர்ச் சொல்லைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது உங்கள் முகம் எப்படி ஆகிறதோ அப்படித்தான் என் முகமும் ஆயிற்று. "இதுக்குக் கேசு ஆகும்லே, கடையை உடைப்பானுவ" என்றேன். மாரி அமைதியாகத்தான் இருந்தான். "நாங்க பாடிட்டுப் போற ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு வெளிய நின்னு அதைத்தான் கத்துதானுவ பாய். கேட்டதும் எனக்குக் கால் பின்னுது. நாங்களே நெஞ்சுல எழுதிக்கிட்டா, பொறவு எதைச் சொல்லிக் கத்துவானுவ?"

அடிக்க ஆள் இல்லை

சரி என்று டிசைன் செய்கிற இசக்கியம்மாளிடம் சொன்னேன். அவளும் கீழத்தெருதான், மாரிக்கு அக்கா முறை. எந்தப் படத்தில் எந்தத் தலையை வெட்டி எந்த உடம்பில் ஒட்டச் சொன்னாலும் முகம் கோணாமல் செய்கிறவள், மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "நான் அடிக்க மாட்டேன் பாய்" என்றாள். "ஏக்கா, நம்ம சொல்லுதானே? நாமதான் அதைத் திருப்பி எடுக்கணும்" என்றான் மாரி. "நீ எடுத்துக்கோ. எனக்கு வேண்டாம்லே" என்றாள்.

நான் அடிக்கலாமா? எங்கள் ஆட்களைச் சொல்லவும் ஊரில் ஒரு சொல் உண்டு. அதை எங்கள் கல்யாண வீட்டில் நாங்களே சொல்லிச் சிரிப்போம். டீக்கடையில் அடுத்தவன் சொன்னால் கிளாஸைக் கீழே வைத்துவிடுவோம். அதனால் மாரியின் சொல்லை என் விரலால் அடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் மாரியே உட்கார்ந்தான். போன வருஷத்து பிளெக்ஸ் பைலைத் திறந்து, பழைய பேரை அழித்துவிட்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தான். இசக்கியம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் போன பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்: "எங்கம்மை நடவுக்குப் போற வயல்ல அவளை அப்படித்தான் கூப்பிடுவாவ. பள்ளிக்கூடத்துல சேக்குற வரைக்கும் அவ பேரே அதுதான்னு நெனச்சிருந்தேன் பாய்."

வாசிங்க பாய்

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மெஷினில் ஏற்றுவதற்கு முன் வாசகம் முழுவதையும் போனில் சத்தமாக வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுவோம். அப்புறம் பிழை வந்தால் அது அவர்கள் பாடு. படம் அனுப்பினால் போதாது. சின்ன எழுத்தை யாரும் வாசிப்பதில்லை.

மாரிக்குப் போன் போட்ட நேரத்தில் மேலத்தெரு சண்முகம் அண்ணாச்சி கடையில் நின்றார். மகள் கல்யாண பேனருக்குத் தன் போட்டோவில் எது நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "வாசிங்க பாய்" என்றான் மாரி. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். முதல் சொல்லே அதுதான். "எல்லாம் சரியாத்தான் இருக்குடே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிளெக்ஸை வாங்க வந்த மாரி, விரித்துப் பார்த்ததும் தலையில் கை வைத்தான்: "பாய், டிரில் மாஸ்டர் தை மாசமே செத்துப் போயிட்டாரு! அவரைப் போயி வருக வருகன்னு போட்டிருக்கு!"

வேஸ்ட் பீஸ்

போன வருஷம் மேட்சுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர்; பழைய பைலில் அவர் படமும் வரவேற்பு வாசகமும் அப்படியே நின்றுவிட்டன. வாசித்துக் காட்டியிருந்தால் அங்கேயே பிடித்திருப்பான். வேறு அடித்துக் கொடுத்தேன். செத்துப்போன மாஸ்டர் சிரிக்கிற பிளெக்ஸைச் சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளினேன். மறுநாள் துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும் என்று தேடினால், காணோம். கல்யாண சீசனுக்கு ஒத்தாசையாக வந்திருந்த என் மச்சான் காதர், "அதுவா? அண்ணாச்சி பேனருக்கு மேல சுத்திக் குடுத்திட்டேன். நல்லா தடியா இருந்துச்சு" என்றான். அடித்த பேனர் அழுக்காகாமல் வேஸ்ட் பீஸைச் சுற்றித்தான் கொடுப்போம், எழுத்து உள்பக்கமாக. எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். மேலத்தெருக் கல்யாணத்துக்கு, கீழத்தெருச் சொல், என் மூலையோடு போயிருக்கிறது. எவனாவது எடுத்துக்கொண்டுபோய்க் கீழத்தெரு முக்கில் கட்டிவிட்டால்? கட்டினவன் பேர் அதில் இருக்காது. என் பேர் இருக்கும். யா அல்லா என்று உட்கார்ந்துவிட்டேன். இசக்கியம்மாள் அதற்குள் ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள். "ஏறுங்க பாய்" என்றாள்.

மண்டபத்துப் பின்பக்கம் சமையல் நடந்துகொண்டிருந்தது. பிளெக்ஸைத் தரையில் விரித்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார்கள். மாஸ்டரின் முகம் வெங்காயத்துக்குள் பாதி புதைந்திருந்தது. மேலே அந்தச் சொல்லின் மீது மட்டும் ஒரு தோல்கூட விழவில்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்த நேரத்தில் சண்முகம் அண்ணாச்சி வந்துவிட்டார். கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "வாரும் வே பாய், இங்கன வந்து பாரும்" என்று கூப்பிட்டு, அந்தச் சொல்லைக் காலால் காட்டி, சத்தமாக, நிறுத்தி, ருசித்து வாசித்தார். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். "அவனுவளே போட்டுக்கிடுதானுவ, பாத்தீரா? இனி நாம சொன்னா மட்டும் ஸ்டேஷனுக்கு ஓடக் கூடாதுல்லா?"

இசக்கியம்மாள் குனிந்து, வெங்காயத்தை இரண்டு கையாலும் தரையில் தள்ளினாள். பிளெக்ஸை எழுத்து உள்ளே போகிற மாதிரி பைய சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "அந்தத் தெருவுல பெறந்த எனக்கே அதை அடிக்கக் கை வரலை. ஒங்களுக்கு எப்படி அண்ணாச்சி வாய் வருது?"

கோட்டுக்கு வெளியே

யாரும் எங்களைச் சாப்பிடச் சொல்லவில்லை. வருகிற வழியில் தாமிரபரணிப் பாலத்தில் வண்டியை நிறுத்தினாள். ஆற்றில் எறியப் போகிறாள் என்று நினைத்தேன். சுருள் நழுவுகிறதென்று கயிறு போட்டுக் கட்டத்தான் நிறுத்தியிருந்தாள். அன்று முழுக்க போன் அடித்தபோதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அண்ணாச்சி வீட்டு அடுத்த விசேஷத்துக்கு வேறு கடையில் அடித்தார், அவ்வளவுதான்.

மேட்சுக்குப் பையன்களின் வேனில் நானும் போனேன். கபடிப் பிரியத்தால் இல்லை; அங்கே கட்டியிருந்த புது பிளெக்ஸின் மூலையில் என் நம்பர் இருந்ததால். இசக்கியம்மாளும் வந்தாள். மாரி பாட்டோடு கோட்டைத் தாண்டியபோது, அவன் நம்பியது நடக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் முன்னைப் போலவே அதைக் கத்தினார்கள். இந்தப் பக்கம் எங்கள் வேனில் வந்தவர்களும் அதையே, குழுவின் பேராக, தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டு பக்கமும் ஒரே சொல். என்னைச் சுற்றி எல்லோரும் கத்த, நான் வாயைத் திறந்து திறந்து மூடினேன். பேரைச் சொல்ல முடியாத குழுவை எப்படி உற்சாகப்படுத்துவது? வெறுமனே கை தட்டினேன். இசக்கியம்மாள் மட்டும் தனியாக, "ஏலே மாரி! பாத்துலே மாரி!" என்று அவன் அம்மை அப்பன் வைத்த பேரைச் சொல்லிக் கடைசி வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தோற்றுத்தான் போனார்கள். புழுதியோடு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்த மாரியிடம், "எது வசவு, எது வாழ்த்துன்னு எனக்குப் பிரிச்சுக் கேக்கவே முடியலடே. ஒனக்குக் குழம்பலையா?" என்று கேட்டேன். பனியனில் அந்தச் சொல்லின் மேலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். "காதுக்குத்தான் பாய் ரெண்டும் ஒண்ணு. எது யாரு சொல்லுததுன்னு எனக்கு முதுகே சொல்லிரும்."

அதன் பிறகு நான் போனில் எதை வாசிப்பதானாலும், கடையில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, முதலில் மூலையில் இருக்கிற என் கடைப் பேரை வாசித்துத் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறேன்.